முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்கு நரம்பு பிளாக்: பேஷண்டும் கூட இருக்கறவங்களும் என்ன செய்யணும்

வீட்ல யாருக்காவது எல்4 எல்5 டிஸ்க் ஆபரேஷன், இல்ல ஸ்க்ரூ ராடு வச்சு ஃபிக்ஸ் பண்ற ஃப்யூஷன் ஆபரேஷன்னு தேதி குறிச்சாச்சுன்னா, அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க. ஆபரேஷன் எப்படி பண்றாங்கன்னு சொல்ல ஏகப்பட்ட வீடியோ இருக்கு, முடிஞ்சு வெளிய வந்தப்புறம் முதல் ரெண்டு நாள் வலிய எப்படி சமாளிக்கறதுன்னு உக்கார வச்சு சொல்றதுக்குத்தான் ஆள் கம்மி. நான் ஆபரேஷன் முடிஞ்சவங்கள பாத்துக்கற வார்டுல நர்ஸா வேலை பாக்கறேன். எந்த மருந்து, எவ்வளவு டோஸ்னு முடிவு பண்றது உங்க அனஸ்தீசியா டாக்டரும் சர்ஜனும்தான், அதுல நான் தலையிட மாட்டேன். அவங்க கொடுக்கறத நீங்க எப்படி முழுசா பயன்படுத்திக்கணும், எத கேக்கணும், எப்ப பதறணும், எப்ப பதற வேண்டாம், அத மட்டும் சொல்றேன்.

முக்கியமான விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். பிளாக், அதாவது காயத்துக்கு போற நரம்ப மரத்துப்போக வைக்கற ஊசி, போட்டா வலி தெரியாம கிடைக்கறது ஏறத்தாழ அரை நாள், சில பேருக்கு ஒரு நாள் வரைக்கும் இழுக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள்ள மத்த வலி மருந்தெல்லாம் உடம்புல ஏறி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கணும், முடிஞ்சா பேஷண்ட ஒரு தடவ எழுப்பி உக்கார வச்சு நிக்க வச்சிருக்கணும். வலி இல்லையேன்னு நிம்மதியா மாத்திரைய தள்ளிப்போட்டா பிளாக் விடற நேரத்துல பேஷண்ட் துடிச்சுப் போயிடுவாங்க, அப்புறம் எந்த ஊசி போட்டாலும் வலிய கீழ இறக்க ரொம்ப நேரம் ஆகும்.

எந்த ஊசிய பத்தி பேசறோம்

முதுகுல போடற ஊசின்னு சொன்னாலே நம்ம ஆளுங்க எல்லாத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. சிசேரியனுக்கு போட்டாங்களே அந்த ஸ்பைனல் ஊசி, அது தண்டுவடத்த சுத்தி இருக்கற தண்ணிக்குள்ள போறது, இடுப்புக்கு கீழ மொத்தமா மரத்துப்போகும், கால ஆட்டக்கூட முடியாது. இன்னொண்ணு, கால் வரைக்கும் இழுக்கற சியாட்டிகா வலிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே சி-ஆர்ம் எக்ஸ்ரேல பாத்து நரம்பு வேர் பக்கத்துல ஸ்டீராய்டு போடுவாங்க. நிறைய பேர் அத போட்டுப் பாத்து கேக்காமதான் ஆபரேஷனுக்கே வந்திருப்பாங்க. அதனால பிளாக்னு டாக்டர் வாயெடுத்ததும் "அதெல்லாம் எங்கப்பாவுக்கு போட்டாச்சு சார், ஒண்ணும் வேலைக்கு ஆகல, வேண்டாம்"னு சொல்லிடறாங்க. ரெண்டும் வேற வேற. இப்ப சொல்ற பிளாக் ஆபரேஷன் பண்ண காயத்தோட வலிக்கு, தண்டுவடத்துக்குள்ள போறதில்ல, முதுகு தசைகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளில மரத்துப்போற மருந்த பரவ விடறது. முன்னாடி போட்ட ஸ்டீராய்டு ஊசி கேக்கலன்றதுக்கும் இது கேக்குமா கேக்காதான்றதுக்கும் சம்பந்தமே கிடையாது.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா பின்னாடி நான் சொல்லப்போற கால் விஷயம் தெளிவா புரியும். தண்டுவடத்துல இருந்து ஒவ்வொரு முதுகெலும்பு லெவல்லயும் ரெண்டு பக்கமும் ஒரு நரம்பு வெளிய வருது, வந்த உடனே அது போஸ்ட்டுல இருந்து ரெண்டு வீட்டுக்கு பிரியற ஒயர் மாதிரி ரெண்டா பிரியுது. முன்பக்க கிளை பெருசு, இடுப்புல அதுதான் ஒண்ணு சேந்து காலுக்கு போற நரம்பா ஆகுது. பின்பக்க கிளை சின்னது, அது முதுகு தசை, எலும்புக்கு நடுவுல இருக்கற சின்ன ஜாயிண்ட், மேல இருக்கற தோல், இதுக்கெல்லாம் போகுது. சர்ஜன் முதுகு பக்கமா வெட்டி, தசைய விலக்கி, எலும்ப எடுத்து ஸ்க்ரூ போடறது எல்லாம் இந்த பின்பக்க கிளை பாத்துக்கற ஏரியாலதான். அதனால அந்த கிளைய மட்டும் மரத்துப்போக வச்சா காயத்து வலி நல்லா குறையும், கால் பலம் அப்படியே இருக்கும். எல்லா பேஷண்ட்டுக்கும் ஏன் எபிடியூரல், அதாவது தண்டுவட உறைக்கு வெளிப்பக்கமா மரத்துப்போற மருந்து விடறது, போட்டு விடறதில்லன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இதுதான். எபிடியூரல் வலிக்கு நல்லா கேக்கும், ஆனா அதுல கால் பலவீனமாக வாய்ப்பு இருக்கு, ஆபரேஷன் முடிஞ்ச கையோட கால் அசையுதான்னு பாக்கணும்னு சர்ஜன் காத்துட்டு இருப்பாரு, அப்ப அது மருந்தால வந்த பலவீனமா நரம்பு அமுங்கினதால வந்ததான்னு குழப்பம் வரும்.

இப்ப அதிகமா போடறது எரெக்டர் ஸ்பைனே ப்ளேன் பிளாக், சுருக்கமா ஈஎஸ்பி. 2016-ல கனடால வேலை பாத்த மொரிசியோ ஃபொரேரோவும் அவரோட சக டாக்டர்களும் இத முதல் தடவையா விவரிச்சு எழுதினாங்க, அவங்க எழுதினது நெஞ்சுப் பகுதில வர்ற நரம்பு வலிக்கு, அங்கருந்துதான் முதுகு ஆபரேஷனுக்கும் வந்து சேந்துச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி 2015-ல இடுப்பு முதுகுக்குன்னே டிஎல்ஐபின்னு ஒரு பிளாக் வந்துச்சு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே நரம்பு கிளைகளதான் குறி வைக்குது, மருந்து விடற தசை இடுக்குதான் வேற. உங்க டாக்டருக்கு எது கை பழக்கமோ அத போடட்டும், "எனக்கு அதுதான் வேணும்"னு அடம் பிடிக்கற அளவுக்கு இதுல வித்தியாசம் இல்ல. கழுத்துக்கு முன்பக்கமா பண்ற டிஸ்க் ஆபரேஷனுக்கு இதெல்லாம் பொருந்தாது, அது வேற இடம், வேற நரம்பு.

ஆபரேஷனுக்கு முன்னாடி

ஃபிட்னஸ் பாக்க அனஸ்தீசியா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க இல்லையா, நிறைய பேர் அத ஒரு கையெழுத்து வாங்கற வேலையா நினைச்சுட்டு ரெண்டு நிமிஷத்துல எழுந்து வந்துடறாங்க. வலிய பத்தி பேச அதவிட நல்ல நேரம் கிடைக்காது. வீட்ல சாப்பிடற எல்லா மாத்திரையும் அட்டையோட ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க, பேரு சொன்னா தப்பா போயிடும், அட்டைய காட்டுங்க. ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற மாத்திரை, அதாவது க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், வார்ஃபரின், அபிக்ஸபான் மாதிரி எது இருந்தாலும் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, எப்ப நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க, நீங்களா நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் வச்சவங்க நீங்களா நிறுத்தினா அது உயிருக்கே வினை. பல்லு புடுங்கும்போது போட்ட மரத்துப்போற ஊசில எப்பவாவது அலர்ஜி, மயக்கம் வந்திருக்கா, வலிப்பு இருக்கா, இதயத் துடிப்புல கோளாறு இருக்கா, கிட்னி லிவர் எப்படி, இதெல்லாம் பிளாக்குக்கும் சரி அதுக்கப்புறம் கொடுக்கற மாத்திரைக்கும் சரி முக்கியம். ரொம்ப நாளா ட்ரமடால்னு ஸ்ட்ராங்கான வலி மாத்திரையோ, நரம்பு வலிக்கு கொடுக்கற ப்ரீகாபலினோ சாப்பிட்டுட்டு இருக்கறவங்க அத மறைக்கவே கூடாது. பழகின உடம்புக்கு சாதாரண டோஸ் பத்தாம போகும், திடீர்னு விட்டாலும் தொல்லை.

இன்னைக்கு எடை எவ்வளவுன்னு சரியா பாத்து சொல்லுங்க. மரத்துப்போற மருந்த கிலோ கணக்குலதான் போடறாங்க. ரோபிவகெய்ன்னா கிலோவுக்கு 3 மில்லிகிராம்னு ஒரு உச்ச வரம்பு வச்சிருக்காங்க, 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். பக்கத்துக்கு 20 மில்லி வீதம் ரெண்டு பக்கமும் 0.375 சதவீத மருந்து போட்டா 150 மில்லிகிராம் ஆகுது, அதாவது வரம்புக்கு பக்கத்துலயே போயிடுது. அந்த அம்மா நிஜமா 45 கிலோதான், பழைய சீட்டுல 60-ன்னு இருந்துச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 45-க்கு வரம்பு 135-தான்.

அப்புறம் கேள்வி கேளுங்க, கேட்டா டாக்டர் கோச்சுக்குவாருன்னு பயப்படாதீங்க. "சார், ஆபரேஷன் முடிஞ்சு வலிக்கு பிளாக் போடுவீங்களா, இல்ல சர்ஜன் காயத்துல மருந்து போடுவாங்களா?" "எத்தன மணி நேரம் கேக்கும்?" "அது விடறதுக்கு முன்னாடி என்ன மருந்து எழுதறீங்க, நைட் டோஸ் எத்தன மணிக்கு?" இந்த மூணு கேட்டாலே போதும், அவங்களுக்கும் இந்த குடும்பம் கவனமா இருக்குன்னு புரியும். இன்சூரன்ஸ்லயோ அரசு காப்பீட்டு திட்டத்துலயோ பண்றீங்கன்னா பிளாக்குக்கு தனியா காசு வருமா, பேக்கேஜ்லயே அடங்குமான்னு அந்த டெஸ்க்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

எல்லா ஆஸ்பத்திரிலயும் பிளாக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்ட் மெஷின் வேணும், கை பழகின டாக்டர் வேணும். கிடைக்கலன்னா சோர்ந்து போக வேண்டாம், ஒரு லெவல் டிஸ்க் ஆபரேஷன் மாதிரி சின்ன வெட்டுக்கு சர்ஜன் தையல் போடறதுக்கு முன்னாடி காயத்து தசைக்குள்ள மரத்துப்போற மருந்து போட்டு, கூடவே மாத்திரைய ஒழுங்கா கொடுத்தா நல்லாவே சமாளிக்கலாம். பிளாக்கோட அருமை அதிகமா தெரியறது நீளமா வெட்டி ரெண்டு மூணு லெவல் ஸ்க்ரூ போடற ஆபரேஷன்லதான், இது நான் வார்டுல பாத்து சொல்றது. பிளாக் போடற இடத்து தோல்ல புண்ணு, இன்ஃபெக்ஷன் இருந்தா, அந்த மருந்துக்கு அலர்ஜி இருந்தா போட மாட்டாங்க.

உள்ள என்ன நடக்குது

பேஷண்ட்டுக்கு எதுவும் தெரியாது, முழு மயக்கத்துல இருப்பாங்க. குப்புற படுக்க வச்சதும் கத்தி வைக்கறதுக்கு முன்னாடியோ, இல்ல தையல் எல்லாம் முடிச்சு எழுப்பறதுக்கு முன்னாடியோ போடுவாங்க. அல்ட்ராசவுண்ட்ல ஊசி நுனிய பாத்துக்கிட்டே முதுகெலும்போட பக்கவாட்டு முனை வரைக்கும் இறக்கி, அதுக்கு மேல இருக்கற தசைக்கு அடில மருந்த விடுவாங்க, மருந்து மேலயும் கீழயும் சில லெவல் பரவும். ரெண்டு பக்கமும் போடணும். வெட்டறதுக்கு முன்னாடியே போட்டா மயக்க மருந்தும் மார்ஃபின் வகை மருந்தும் ஆபரேஷன் நடுவுலயே கம்மியா பத்தும், அதே சமயம் நாலு மணி நேர ஆபரேஷன்னா அந்த நாலு மணி நேரம் பிளாக் டைம்ல கழிஞ்சு போயிடும். அதனால "பிளாக் போட்டாச்சு"ன்னு வெளிய வந்து சொன்னா உடனே "எத்தன மணிக்கு சார் போட்டீங்க?"ன்னு கேட்டு ஃபோன்ல குறிச்சு வச்சுக்கங்க. வெளிய வந்த நேரத்த வச்சு கணக்கு போடாதீங்க.

சில டாக்டர் பிளாக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்கறதுக்கு டெக்ஸாமெதசோன்னு ஒரு ஸ்டீராய்டு கொடுப்பாங்க. சுகர் பேஷண்ட்டுக்கு அன்னைக்கும் மறுநாளும் சுகர் எகிறும். "ஒண்ணுமே சாப்பிடல, எப்படி 280 வந்துச்சு"ன்னு அலறாதீங்க, வார்டுல இன்சுலின் போட்டு பாத்துப்பாங்க, ஆனா சுகர் இருக்குன்றத நர்ஸ்கிட்ட நீங்களே ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க.

மருந்து ரத்தத்துல அதிகமா கலந்துட்டா வர்ற ஒரு ஆபத்து இருக்கு, அபூர்வம்தான். உதட்டு சுத்தி மரத்துப்போறது, வாய்ல இரும்பு ருசி, காதுல ரீங்காரம், காரணமில்லாத பதட்டம், உளறல், அப்புறம் வலிப்பு, இதயத் துடிப்பு கோளாறு வரைக்கும் போகலாம். போட்ட நிமிஷத்துல இருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள்ளதான் பெரும்பாலும் வரும், அப்ப பேஷண்ட் மானிட்டர்லதான் இருப்பாங்க. இதுக்கு 20 சதவீத லிப்பிட்னு பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்து தியேட்டர்ல தயாரா வச்சிருப்பாங்க. ரிக்கவரி ரூம்ல உங்கள கூப்பிட்டு விட்டு பேஷண்ட் "காதுல என்னமோ சத்தம் கேக்குது"ன்னு சொன்னா, மயக்கம் தெளியாம பேசறாங்கன்னு விட்றாதீங்க, நர்ஸ கூப்பிடுங்க.

கடிகாரத்த பாத்து வலி மருந்து

இந்த பகுதிதான் உங்க கைல இருக்கறது. ஒரு கணக்கு சொல்றேன். காலைல 10 மணிக்கு பிளாக் போட்டாங்க, மதியம் 2 மணிக்கு வார்டுக்கு வந்தாச்சு, பேஷண்ட் நல்லா பேசறாங்க, காபி கேக்கறாங்க, சொந்தக்காரங்க எல்லாம் வந்து பாத்துட்டு "பரவாயில்லயே, வலியே இல்லயாமே"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. ராத்திரி 10 மணில இருந்து பிளாக் விட ஆரம்பிக்கும். அப்ப வார்டுல நர்ஸ் கம்மி, ட்யூட்டி டாக்டர் நாலு வார்டுக்கு ஒருத்தர், கூட இருக்கறவங்க அசதில தூங்கிட்டு இருப்பாங்க. முதல்ல காயத்த சுத்தி ஊசி குத்தற மாதிரி சுருக்கு சுருக்குன்னு வரும், அப்புறம் ஒரு மந்தமான கடுப்பு, திரும்பி படுக்கும்போது முனகல், அடுத்த ஒரு மணி நேரத்துல தாங்க முடியாத வலி.

அந்த 10 மணிக்கு முன்னாடி, வலி இருக்கோ இல்லையோ, எழுதின பாராசிட்டமாலும் மத்த வலி மருந்தும் உள்ள போயிருக்கணும். "தேவைப்பட்டா கொடுக்கவும்"னு எழுதியிருக்கா, "6 மணி நேரத்துக்கு ஒரு தடவ"ன்னு எழுதியிருக்கான்னு நர்ஸ்கிட்ட கேட்டுக்கங்க. முதல் ரெண்டு நாளைக்கு மணிக்கணக்கா கொடுக்கற மாதிரி எழுத சொல்லி டாக்டர கேக்கலாம், அதுல தப்பே இல்ல. பேஷண்ட் தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம்னு நைட் டோஸ வேண்டாம்னு சொல்லாதீங்க. நீங்க பாவம்னு நினைச்சு விட்ட அந்த ஒரு டோஸ்னாலதான் விடியக்காலைல அவங்க அழுவாங்க.

வலி எவ்வளவுன்னு 0-ல இருந்து 10-க்குள்ள சொல்லச் சொல்வாங்க. நம்ம ஊரு வயசானவங்ககிட்ட இத கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா"ன்னுதான் வரும், யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு பல்ல கடிச்சுட்டு கிடப்பாங்க. படுத்து கிடக்கும்போது இருக்கற வலிய கேக்காதீங்க. "இந்த பக்கம் திரும்புங்க பாப்போம், இப்ப எவ்வளவு? இருமினா எவ்வளவு?"ன்னு கேளுங்க, முகத்த பாருங்க. வலிய பொறுத்துக்கிட்டா உடம்பு சீக்கிரம் தேறும்னு சொல்ற பெரியவங்க பக்கத்துல இருந்தா கொஞ்சம் தள்ளி நிக்க சொல்லுங்க, எனக்கு இந்த பேச்சு கேட்டாலே கோபம் வரும். வலில இருக்கறவங்க ஆழமா மூச்சு விட மாட்டாங்க, இருமி சளி துப்ப மாட்டாங்க, எழுந்து நடக்க மாட்டாங்க, நெஞ்சு சளி கட்டறதும் கால்ல ரத்தம் உறையறதும் அப்படித்தான் ஆரம்பிக்குது.

பிசிஏ பம்ப், அதாவது பட்டன அமுக்கினா மார்ஃபின் வகை வலி மருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறற மெஷின், வச்சிருந்தா அந்த பட்டன பேஷண்ட் மட்டும்தான் அமுக்கணும். தூங்கறவங்களுக்கு பாசத்துல மகனோ மருமகளோ அமுக்கி விடறது ரொம்ப ஆபத்து, அந்த மருந்து மூச்ச மந்தப்படுத்தும். பேஷண்ட கூப்பிட்டா கண்ணு திறக்க கஷ்டப்படறாங்க, நிமிஷத்துக்கு 10 தடவைக்கும் கம்மியா மூச்சு விடறாங்கன்னா உடனே நர்ஸ கூப்பிடுங்க. "நல்லா தூங்கட்டும்"னு விட்டுடாதீங்க.

பிளாக்னால குறையாத வலியும் இருக்கு, அத தெரிஞ்சுக்கிட்டா பிளாக் ஃபெயில்னு நினைக்க மாட்டீங்க. காலுக்கு இறங்கற நரம்பு வலி, மதமதப்பு முன்பக்க கிளை சமாச்சாரம், அதுக்கு இந்த பிளாக் கேக்காது, அழுத்தத்துல இருந்து விடுபட்ட நரம்பு கொஞ்ச நாள் எரிச்சலாத்தான் இருக்கும், அதுக்கு மாத்திரை தனி. குப்புற படுத்திருந்ததுனால நெஞ்சு, தாடை, தோள்பட்டை வலி இருக்கும். ட்யூப் போட்டதுனால தொண்டை வலி. "எங்க வலிக்குது"ன்னு விரல வச்சு காட்ட சொல்லிட்டு அத நர்ஸ்கிட்ட சொல்லுங்க, வெறுமனே "வலிக்குதாம்"னு சொல்லாதீங்க.

முதுகுத் தோல் மரத்திருக்கற நேரத்துல வெந்நீர் ஒத்தடம், ஹாட் பேக், தைலம் எதுவும் கூடாது. சூடு தெரியாம தோல் வெந்து போயிடும், காயத்துக்கு பக்கத்துல தைலம் எப்பவுமே வேண்டாம்.

கால் பலம், சிறுநீர்

இத நிதானமா படிங்க. முதுகு மரத்திருக்கலாம், கால் பலம் குறையக்கூடாது. அபூர்வமா மருந்து உள்பக்கமா பரவி கால் கொஞ்ச நேரம் தளர்ந்து போறதும் உண்டு, ஆனா அது மருந்தாலதான்னு முடிவு பண்ண வேண்டியது நேர்ல வந்து பாத்த டாக்டர். நீங்களோ பக்கத்து பெட்காரரோ நானோ அத முடிவு பண்ணக்கூடாது. ஆபரேஷன் பண்ண இடத்துல உள்ளுக்குள்ள ரத்தம் கட்டி நரம்ப அழுத்தினாலும் இதே மாதிரிதான் கால் தளரும். அப்படின்னா உடனே எம்ஆர்ஐ எடுத்து மறுபடியும் தியேட்டருக்கு கொண்டு போய் ரத்தக் கட்டிய எடுக்கணும், தாமதம் ஆக ஆக நரம்பு திரும்ப வர்ற வாய்ப்பு குறைஞ்சுட்டே போகும். காலைல ரவுண்ட்ஸ்ல சொல்லிக்கலாம்னு ராத்திரி முழுக்க காத்திருக்கற விஷயம் இல்ல இது.

பாக்கறது சுலபம். ரெண்டு கால் கட்டைவிரலையும் மூக்க பாத்து மேல தூக்க சொல்லுங்க, அப்புறம் பாதத்த பிரேக் மிதிக்கற மாதிரி கீழ அமுக்க சொல்லி உங்க கைய அடில வச்சு பாருங்க, முட்டிய மடக்கி நீட்ட சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாளே இத ஒரு தடவ செஞ்சு பாத்து வச்சுக்கங்க, ஏன்னா சில பேருக்கு ஏற்கனவே ஒரு பாதம் தொங்கிட்டு இருக்கும், எது பழசு எது புதுசுன்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும். நர்ஸ் அவங்க பங்குக்கு பாப்பாங்க, நீங்களும் முழிச்சிருக்கற நேரத்துல பாருங்க.

முன்னாடி அசைஞ்ச கால் இப்ப அசையல, பிறப்புறுப்பு ஆசனவாய் சுத்தி உக்கார்ற இடத்துல உணர்ச்சி தெரியல, யூரின் ட்யூப் எடுத்தப்புறம் அடிவயிறு உப்பியும் சிறுநீர் வரல, இல்ல தெரியாமயே போயிடுது, மருந்துக்கு அடங்காம முதுகு வலி நேரத்துக்கு நேரம் ஏறிட்டே போகுது, இதுல எது இருந்தாலும் ராத்திரி 2 மணியானாலும் ட்யூட்டி டாக்டர வர வைங்க. "பிளாக் எஃபெக்ட்தான், சரியாயிடும்"னு யாராவது ஃபோன்லயே சொன்னா, நேர்ல வந்து பாத்துட்டு சொல்லுங்கன்னு மரியாதையா, ஆனா உறுதியா கேளுங்க. சொல்ல வெக்கப்பட்டு அந்த இடத்து மரமரப்ப பெண்கள் மறைச்சிடறாங்க, அதனால கூட இருக்கறவங்கதான் தனியா கேக்கணும்.

எழுந்து நிக்கறது

சர்ஜன் ஓகே சொன்னதும் பிளாக் இருக்கற நேரத்துலயே முதல் தடவ எழுப்பிடறது நல்லது, சில ஆஸ்பத்திரில அன்னைக்கு சாயங்காலமே, பெரிய ஆபரேஷன்னா மறுநாள். நீங்களா எழுப்பாதீங்க, பிசியோவோ நர்ஸோ இருக்கணும், முதல்ல கால் பலம் பாத்துட்டுதான். முதுக முறுக்காம தோளும் இடுப்பும் ஒண்ணா கட்டை மாதிரி ஒருக்களிச்சு, கால கீழ தொங்க விட்டுக்கிட்டே கைய ஊனி எழணும், கைய புடிச்சு இழுத்து தூக்கக்கூடாது. உக்காந்ததும் ரெண்டு நிமிஷம் அப்படியே இருக்கட்டும், பிபி இறங்கி தலை சுத்தும். வலி தெரியலன்றதுனால குனியறது, பக்கெட் தூக்கறது, தானா பாத்ரூம் போறதுன்னு தைரியம் வந்துடும், முக்கியமா ஆம்பளைங்களுக்கு. காயம் இன்னும் பச்சையாத்தான் இருக்குன்னு சொல்லி உக்கார வைங்க.

பிளாக் விட்டப்புறமும் வீட்டுக்கு போனப்புறமும்

ரெண்டாவது நாள் முதல் நாளவிட வலி கூட இருந்தா ஆபரேஷன் தப்பா போச்சுன்னு அர்த்தம் இல்ல, பிளாக்கும் மயக்க மருந்தும் முழுசா விட்ட நாள் அது. இந்த கட்டத்துல நான் அதிகமா பாக்கற தப்பு மாத்திரை கூட்டுல நடக்குது. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு நல்ல எடை இருக்கற பெரியவங்களுக்கே 4 கிராமுக்கு மேல கூடாது, எடை 50 கிலோவுக்கு கீழ, லிவர் பிரச்சினை, குடிப்பழக்கம் இருந்தா இன்னும் கம்மி. ஆனா அது பல மாத்திரைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. டோலோ 650 நாலு வேளைன்னா 2600 மில்லிகிராம், அல்ட்ராசெட்ல ஒரு மாத்திரைக்கு 325 இருக்கு, மூணு வேளைன்னா 975, ஸீரோடால் பி-லயும் 325, ரெண்டு வேளைன்னா 650. கூட்டிப் பாருங்க, 4225. டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதினது ஒண்ணு, மெடிக்கல்ல கேட்டு வாங்கினது ஒண்ணு, வீட்ல பழசு ஒண்ணுன்னு சேரும்போதுதான் இப்படி ஆகுது. அட்டைக்கு பின்னாடி என்னென்ன மருந்துன்னு எழுதியிருக்கறத படிங்க, புரியலன்னா டிஸ்சார்ஜ் அன்னைக்கே மொத்தத்தையும் காட்டி கேளுங்க.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், இதெல்லாம் ஒரே குடும்பம், ரெண்ட சேத்து சாப்பிடக்கூடாது. கிட்னி வீக்கா இருக்கறவங்க, வயித்துல புண்ணு இருக்கறவங்க டாக்டர் சொல்லாம தொடவே கூடாது. ஃப்யூஷன் பண்ணவங்களுக்கு எலும்பு கூடறத இது பாதிக்கும்னு சில சர்ஜன் தவிர்ப்பாங்க, சில பேர் கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுப்பாங்க, அதனால உங்க சர்ஜன் எழுதினத மட்டும் எடுங்க. ட்ரமடாலும் ப்ரீகாபலினும் சேந்தா வயசானவங்களுக்கு தள்ளாடும், ராத்திரி பாத்ரூம் போறப்ப கண்டிப்பா ஒருத்தர் கூட போகணும்.

ட்ரமடால் மலச்சிக்கல கொடுக்கும், முக்கினா முதுகு உயிர் போகும். மலம் கட்டினப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காம, மாத்திரை ஆரம்பிச்ச அன்னைக்கே டாக்டர கேட்டு லாக்டுலோஸ் மாதிரி சிரப் ஒண்ணு எழுதி வாங்கிடுங்க, தண்ணி, கீரை, பழம் எல்லாம் கூடவே.

வீட்டுக்கு போனப்புறம் குறைஞ்சுட்டு வந்த வலி திடீர்னு மறுபடி ஏறுது, காய்ச்சல் வருது, காயத்துல சீழோ தண்ணியோ கசியுது, உக்காந்தா மண்டைய பிளக்கற தலைவலி வந்து படுத்தா குறையுது, ஒரு பக்க கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்குது, மூச்சு வாங்குது, இதுக்கெல்லாம் மாத்திரைய கூட்டி சாப்பிட்டு பாக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. மேல சொன்ன கால் பலவீனமும் சிறுநீர் பிரச்சினையும் வீட்ல வந்தாலும் அதே அவசரம்தான்.

வலி குறைய குறைய மாத்திரைய நிறுத்தறதுக்கும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல ட்ரமடால் மாதிரி ஸ்ட்ராங்கானத குறைச்சு நிறுத்தணும், அப்புறம் டைக்ளோஃபினாக் வகை, கடைசி வரைக்கும் கூட வரலாம்னா அது பாராசிட்டமால். நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, "சாதாரண மாத்திரைதானே"ன்னு பாராசிட்டமால முதல்ல விட்டுட்டு ட்ரமடால பிடிச்சுக்கறாங்க. ப்ரீகாபலின் மட்டும் நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, ரிவ்யூவுக்கு போகும்போது எப்படி படிப்படியா குறைக்கறதுன்னு சீட்டுலயே எழுதி வாங்கிட்டு வாங்க.